அண்ணனுக்கு மனச்சிதைவு நோய்... வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

இரவு 2 மணி. பக்கத்து அறையில் அண்ணன் யாரிடமோ பேசுவது கேட்கிறது. ஆனால் அவருடைய கைத்தொலைபேசி வரவேற்பறையில் சார்ஜரில் கிடக்கிறது.

காலையில் கேட்டால் அம்மா, "அவனுக்குப் படிப்பு டென்ஷன், அவ்ளோதான்" என்கிறார். பாட்டி, "யாரோ கண்ணு வச்சிட்டாங்க, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். அப்பா ஒன்றும் பேசுவதில்லை.

நீங்கள் இணையத்தில் ஆங்கிலத்தில் தேடுகிறீர்கள். திரையில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ஸ்கிட்ஸோஃப்ரினியா.

அந்தச் சொல்லை அம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரில் பல தமிழ்க் குடும்பங்களில் மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பெற்றோரிடமும் பாட்டியிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டின் இளையவர்தான். அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், இந்த விளக்கம் உங்களுக்காக.

அது என்ன நோய்?

தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறோம். மூளையின் செயல்பாட்டைப் பாதிக்கும் நோய் அது. எது உண்மை, எது மனம் உருவாக்கியது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

பாட்டிக்குப் புரியும்படி சொல்லணுமா? அறிகுறிகளை மூன்றாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வகை, இல்லாதது வந்து சேர்வது. யாரும் பேசாதபோது குரல்கள் கேட்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், உணவில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவார். பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும்.

இரண்டாம் வகை, இருந்தது குறைந்துபோவது. சிரிப்பு குறையும். நண்பர்கள் வேண்டாம் என்பார். குளிக்க, சாப்பிட, எழுந்திருக்கக்கூட மனம் வராது.

மூன்றாம் வகை, கவனமும் நினைவாற்றலும் தடுமாறுவது. புத்தகத்தில் ஒரே பக்கத்தை அரை மணிநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் சண்டை அதிகம் வருவது இரண்டாம் வகையால்தான். குரல் கேட்கிறது என்றால் நோய் என்று ஒப்புக்கொள்ளும் அப்பா, மத்தியானம் வரை படுத்திருந்தால் "சோம்பேறி" என்பார். அதுவும் நோயின் பகுதி என்று அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

எத்தனை பேருக்கு வருகிறது?

2016இல் நடத்தப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் சுமார் 43 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சிதைவு நோயோ அதைப் போன்ற மனப்பிறழ்வோ ஏற்பட்டிருந்தது.

அதாவது, உங்கள் வீவக புளோக்கில் நீங்கள் மட்டும் இல்லை. மற்ற வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டு இதையேதான் சமாளிக்கின்றன.

பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் நோய் தலைகாட்டுகிறது. ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வரும்.

இங்கே அந்த வயதில் என்ன நடக்கிறது? பலதுறைத் தொழிற்கல்லூரி, தேசியச் சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை. அதனால்தான் ஆரம்ப அறிகுறிகளைப் பலரும் "ஸ்ட்ரெஸ்" என்று தள்ளிவிடுகிறார்கள்.

தூக்கம் தலைகீழாவது, திடீரென எல்லாரையும் சந்தேகப்படுவது, மதிப்பெண் சரிவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது... தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரணம். எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. மரபணு, மூளை வளர்ச்சி, கடுமையான மனவுளைச்சல் எனப் பலவும் சேர்கின்றன. கஞ்சாப் பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது.

வளர்ப்பு சரியில்லாததால் வருவதில்லை. 1940களில் சில மனநல மருத்துவர்கள் தாயின் மேல் பழிபோட்டது உண்டு. அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. "நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று அம்மா அழும்போது இதை அவரிடம் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. பலமுறை சொல்லுங்கள்.

பெயரே பயமுறுத்துகிறதா?

"சிதைவு" என்று கேட்டாலே எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். தமிழில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் முன்வைத்தவர் சுவிட்சர்லந்து மருத்துவர் யூஜென் புளோய்லர். கிரேக்க மொழியில் "பிளவுபட்ட மனம்" என்று பொருள். அதனால்தான் ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறும் நோய் என்று பலர் இன்றும் தவறாக நினைக்கிறார்கள். படங்களும் அப்படியே காட்டிப் பழக்கிவிட்டன.

ஜப்பானில் 2002இல் பெயரையே மாற்றினார்கள். "மனம் பிளந்த நோய்" என்ற பழைய சொல் போய், "ஒருங்கிணைவுக் குறைபாடு" என்ற பொருள் தரும் சொல் வந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதே அதற்குத் தொடக்கம். சில ஆண்டுகளில் தென்கொரியாவும் பெயரை மாற்றியது. அங்கே புதிய பெயர் இசைக்கருவியைச் சுதி கூட்டுவதை நினைவூட்டும்.

பாட்டியிடம் பெயரைச் சொல்லாமலேயே தொடங்கலாம். "அண்ணனுக்கு மூளையில ஒரு நோய். இல்லாத சத்தம் கேக்குது. அவன் பொய் சொல்லல, அவனுக்கு நெஜமாவே கேக்குது. மருந்து இருக்கு." இந்த நான்கு வரி போதும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல!"

குடும்பங்களை அதிகம் வாட்டுவது இதுதான். மருத்துவரிடம் வர மறுப்பார்.

பிடிவாதம் என்று தோன்றும். ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தும் ஒப்புக்கொள்ள மறுப்பது வேறு, தெரியாமலே இருப்பது வேறு. இந்த நோயில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

அதனால் வாதாடி ஜெயிக்க முடியாது. "அது எல்லாம் உன் கற்பனை" என்றால், அவர் உங்களையும் எதிராளிகள் பட்டியலில் சேர்த்துவிடுவார். "ஆமா, எனக்கும் கேக்குது" என்று பொய் சொல்லவும் கூடாது.

பிறகு என்னதான் சொல்வது?

அமெரிக்க மனநல நிபுணர் சேவியர் அமடோருக்கு இந்தக் கேள்வி வீட்டிலேயே வந்தது. அவருடைய சொந்த அண்ணனுக்கே மனச்சிதைவு நோய். ஆண்டுக்கணக்கில் சண்டைபோட்டுப் பார்த்த பிறகு அவர் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய முறையில் நான்கு படிகள் உண்டு: கவனித்துக் கேட்பது, அவர் உணர்வைப் புரிந்துகொள்வது, ஒத்துப்போகக்கூடிய ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பது, அதில் கூட்டாளியாவது.

நம் வீட்டில் அது எப்படி இருக்கும்?

"பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பத்திப் பேசிட்டே இருக்காங்க" என்கிறார் அண்ணன்.

"ராத்திரி முழுக்கவாண்ணா? அப்போ நீங்க தூங்கவே இல்லையா?"

"நாலு நாளா தூக்கமே இல்ல."

"அது ரொம்பக் கஷ்டமாச்சே. தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போமா? நானும் வர்றேன்."

பக்கத்து வீட்டுக்காரர் பேசினாரா இல்லையா என்ற விவாதமே இங்கே எழவில்லை. தூக்கமில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அதுவே வாசல்.

முதல் நாளே ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்தாவது தடவையில் நடக்கலாம்.

வீட்டுப் பேச்சுக்கு அவ்வளவு பலமா?

ஆம். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. பெற்றோருடனோ மனைவியுடனோ வாழத் திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தவர்களுடனோ வாடகை அறையிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள்.

அன்பு குறைந்த இடத்தில் நோய் குறைந்தது என்று இதற்குப் பொருளில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய தலையீடு ஆகிய மூன்றும் நிறைந்த வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஊட்டிவிடுவது, நிமிடத்துக்கு நிமிடம் அறைக்கதவைத் திறந்து பார்ப்பது, அவருக்காக எல்லா முடிவையும் எடுப்பது... நம் வீடுகளில் இதற்குப் பெயர் பாசம். அதுவும் பாரமாகலாம்.

எதை மாற்றலாம்?

- குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும்.
- "ஏன் இன்னும் குளிக்கல?" என்பதற்குப் பதில் "10 மணிக்குக் காப்பிக் கடைக்குப் போறேன், வர்றீங்களா?" என்று கேளுங்கள்.
- சின்ன முன்னேற்றத்தையும் சொல்லிக் காட்டுங்கள். தட்டைக் கழுவி வைத்தாரா? "தேங்ஸ்ணா" போதும்.
- விருந்தினர் முன்னிலையில் அவருடைய நோயைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் காதில் எல்லாம் விழுகிறது.

குடும்பத்துக்கும் சேர்த்துப் பயிற்சி அளிக்கும்போது நோய் திரும்புவது குறைகிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மருந்தைத் திடீரென நிறுத்தினால்?

பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. மூன்று மாதம் மருந்து சாப்பிட்டதும் குரல்கள் அடங்கும். "சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று அவரும் கேட்பார், அம்மாவும் கேட்பார்.

நோய் அடங்கியிருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம். முதல் தடவை நோய் வந்தவர்களையும் குறைந்தது ஓராண்டு, ஈராண்டுக்கு மருந்தைத் தொடரும்படி மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் பெரிது.

அதே நேரத்தில் அவருடைய புகாரையும் நம்புங்கள். உடல் எடை கூடுவது, பகலெல்லாம் தூக்கம், கைநடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு எல்லாம் உண்மையான பக்கவிளைவுகள். 22 வயது இளையருக்கு 15 கிலோ கூடினால் மாத்திரையை வெறுக்கத்தான் செய்வார்.

"பேசாம சாப்பிடு" என்பதைவிட, பக்கவிளைவுகளை ஒரு தாளில் எழுதி அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோவது பயன்தரும். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தினசரி மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

கோயிலுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கோயில் பாட்டிக்கு ஆறுதல், சில நேரம் அண்ணனுக்கும் ஆறுதல். பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை.

பிரச்சினை எப்போது? மந்திரிக்கிறேன், செய்வினை எடுக்கிறேன் என்று யாராவது மருந்தை நிறுத்தச் சொன்னால். அல்லது இந்தக் கோயில், அந்தச் சாமியார் என்று மாதங்கள் ஓடினால். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தாமதமான ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்குகிறது.

பாட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். "வெள்ளிக்கிழமை கோயில், திங்கட்கிழமை டாக்டர். ரெண்டுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன் பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள்.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்ற யோசனையும் வரும். கல்யாணம் சிகிச்சை ஆகாது. நோயை மறைத்துச் செய்துவைப்பது இன்னொரு குடும்பத்துப் பிள்ளைக்கும் அநியாயம். நோய் கட்டுக்குள் இருந்து, அவரே விரும்பி, எல்லாம் பேசி நடக்கும் திருமணம் வேறு விஷயம்.

எங்கே போவது?

பாட்டி காலத்து ஆட்களுக்கு "உட்பிரிட்ஜ்" என்ற பெயரே கிலி. 1928இல் இயோ சூ காங்கில் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு 1951இல் வைத்த பெயர் அது. 1993இல் அது புவாங்கோக்கிற்கு இடம்மாறி, மனநலக் கழகமானது. பெயர் மாறியும் பயம் போகவில்லை.

முதல் நாளே அங்குதான் போகணும் என்றில்லை. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். 16 முதல் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு "சேட்" திட்டம் இலவசமாக மனநலப் பரிசோதனை செய்கிறது. விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். மனப்பிறழ்வின் தொடக்கநிலைக்கென்றே மனநலக் கழகம் 2001 முதல் தனித் திட்டம் நடத்துகிறது. மருத்துவர், தாதி, நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் ஊழியர் எல்லாரும் அதில் ஒரே குழு.

செலவு? மனச்சிதைவு நோய் நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருக்கிறது. தகுதிபெற்ற மருந்தகங்களில் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம்.

நெருக்கடி வந்தால்?

அவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கலாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள்.

- உடனடி ஆபத்து: காவல்துறை 999, மருத்துவ உதவி வாகனம் 995
- மனநலக் கழகத்தின் 24 மணிநேர உதவி எண்: 6389 2222
- தேசிய மனநல உதவி எண், 24 மணிநேரமும்: 1771
- சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், 24 மணிநேரமும்: 1767

மனநலக் கழகத்தின் அவசரச் சிகிச்சைப் பிரிவு நாள் முழுவதும் திறந்திருக்கும்.

அழைக்கும்போது "என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். இந்த மருந்து சாப்பிடுகிறார். கையில் ஆயுதம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மருந்துப் பெயர்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

"போலீஸைக் கூப்பிட்டா ரெக்கார்ட் ஆயிடுமே" என்ற பயம் வரும். தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமில்லை. மனநலச் சட்டத்தின்கீழ், மனநோயால் ஆபத்து விளைவிக்கக்கூடியவரைக் காவல்துறையினர் மருத்துவரிடம் கொண்டுபோகலாம். ஆபத்து உடனே நடந்தாக வேண்டும் என்றில்லை, நடக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்று 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

மருத்துவமனையில் விருப்பமின்றிச் சேர்க்கப்படுபவரை முதலில் 72 மணிநேரம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு மாதம், பிறகு ஆறு மாதம் என ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர்கள் மறுபடியும் சோதிக்க வேண்டும். "கொண்டுபோய் அடைச்சிடுவாங்க" என்று அம்மா பயந்தால் இதை விளக்குங்கள்.

இன்னொன்று. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் மற்றவர்களால் பாதிக்கப்படும் வாய்ப்பே அதிகம்.

அரசாங்கம் என்ன செய்கிறது?

2023 அக்டோபரில் தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி வெளியானது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இரண்டு நாள் விவாதித்தது. பொதுத்துறை மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையை 2030க்குள் சுமார் 30 விழுக்காடும், மனோவியல் நிபுணர்களின் எண்ணிக்கையைச் சுமார் 40 விழுக்காடும் கூட்டுவது இலக்கு. மனநலச் சேவை எல்லாப் பலதுறை மருந்தகங்களுக்கும் விரிவடையும்.

நல்ல செய்திதான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலையாக இருப்பவருக்கு மருத்துவச் சந்திப்பு சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை, கொஞ்ச நேரம். மீதி நேரம் முழுவதும் வீட்டில்.

சமூகத்திலேயே பராமரிப்பு என்று கொள்கை ஆவணம் சொல்லும்போது, நடைமுறையில் அந்தச் சமூகம் பெரும்பாலும் உங்கள் அம்மாவும் நீங்களும்தான். அதனால் பராமரிப்பாளருக்குக் கிடைக்கும் ஆதரவைச் சலுகையாக நினைக்காதீர்கள். சிகிச்சையின் ஒரு பகுதி அது.

கேர்கிவர்ஸ் அலையன்ஸ் அமைப்பு, மனநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு 12 வாரப் பயிற்சியை இலவசமாக நடத்துகிறது. 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் மனநலச் சங்கம் மீண்டு வருவோருக்கும் குடும்பங்களுக்கும் சேவைகள் வழங்குகிறது.

வேலை விஷயத்திலும் மாற்றம் உண்டு. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநலப் பிரச்சினை பற்றிக் கேட்கக்கூடாது என்று 2020இலேயே முதலாளிகளுக்கு வழிகாட்டப்பட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், மனநலக் காரணத்துக்காகப் பாகுபாடு காட்டுவதையும் உள்ளடக்குகிறது. அண்ணன் மறுபடி வேலைக்குப் போகும் நாளில் அது உதவும்.

போவாரா? பலர் போகிறார்கள். மூவரில் ஒருவராவது முழுமையாக மீள முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நோயோடே படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துபவர்களும் உண்டு.

சரி, நீங்கள்?

உங்கள் மனத்தில் சில கேள்விகள் இருக்கும். வெளியில் கேட்க வெட்கமாக இருக்கும்.

"எனக்கும் வருமா?" உடன்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்று அதிகம். ஆனாலும் சுமார் பத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. பெரும்பாலோருக்கு வருவதில்லை. கஞ்சா பக்கம் போகாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

"அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. நான் கெட்டவனா, கெட்டவளா?" இல்லை. உங்கள் தேர்வு, உங்கள் பிறந்தநாள், உங்கள் தூக்கம் எல்லாம் பின்னுக்குப் போயிருக்கும். கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அதை அவரிடம் கொட்டாமல், நண்பரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ 1771க்கோ சொல்லுங்கள்.

"அப்பா அம்மாவுக்குப் பிறகு யார்?" எல்லா உடன்பிறப்புக்கும் இரவில் வரும் கேள்வி இது. இப்போதே பேசினால் பாரம் குறையும். அண்ணன் தெளிவாக இருக்கும் காலத்தில் அவரையே கேளுங்கள்: "மறுபடி முடியாமப் போனா உங்களுக்கு என்ன செய்யணும்? எந்த ஆஸ்பத்திரி? யாருக்குச் சொல்லணும்? யாருக்குச் சொல்லக்கூடாது?" எழுதி வையுங்கள். 21 வயதைத் தாண்டியவர், முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கும்போதே, தமக்காக முடிவெடுக்க ஒருவரை நீண்டகால அதிகாரப் பத்திரத்தில் நியமிக்கலாம். ஆற்றல் போன பிறகு குடும்பம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும்.

பொறுப்பை ஏற்பதென்றால் உங்கள் வாழ்க்கையை நிறுத்திவைப்பது என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் படிக்கும் வாய்ப்பு வந்தால் போகலாம். வாரம் ஒருமுறை அழைத்து, கிரிக்கெட்டோ புதுப் படமோ பேசினாலும் நீங்கள் தம்பிதான், தங்கைதான்.

வீட்டில் எல்லாரும் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி: "மாத்திரை போட்டியா?"

இன்றிரவு நீங்கள் வேறொன்று கேட்டுப் பாருங்கள். "அண்ணா, சாப்பிட என்ன வாங்கிட்டு வரட்டும்?"